நாள் மாறி வந்தவள்

சிவசுப்ரமணியன் சாருக்கு நியாயம் என்றால் உயிர். அதுவும் கணக்கு வாத்தியாரின் நியாயம். மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் ஒரே விடைதான் வரவேண்டும். பரீட்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மார்க்குக்கு யார் வந்து நின்றாலும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு "முடியாதுங்க" என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தக் குணத்தால் அவருக்கு நண்பர்கள் குறைவு, மரியாதை ஜாஸ்தி. மரியாதையே போதும் என்று இருந்தார்.

வீடு சிதம்பரம் கீழ சன்னதியில். வேலை கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், அரசு உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்து, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், குடிகாடு என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தாண்டி வந்து இறங்குவார். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது அந்தப் பஸ் பயணமும் நின்றுபோனது. ஒன்றரை வருஷம் வீட்டுக் கூடத்தில் போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இயற்கணிதம் நடத்தினார். அந்தப் பக்கம் யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பது கடவுளுக்கே வெளிச்சம். "போனுக்குப் பாடம் எடுத்து என்ன புண்ணியம், சுவத்துக்கு எடுத்தாலும் அது பாஸ் பண்ணிடும்" என்று அவர் மனைவி பிரியம்வதா கேலி செய்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை வைத்து அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவோம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஒரு வகுப்பறைக்கு இருபது பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது நிபந்தனை. சிவசுப்ரமணியன் சார் வகுப்பாசிரியராக இருந்த பத்தாம் வகுப்பில் நாற்பது பேர். வேறு அறை கிடையாது. பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று முறை வைத்துத்தான் வரவேண்டும். எந்தப் பாதி, எந்த நாள்? இதைப் பேசத்தான் தலைமையாசிரியை ஜெயமேரி ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஊர் வாரியா பிரிச்சா என்ன சார்? ஒரே ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணா வரும், ஒண்ணா போகும். பஸ்ஸும் முன்ன மாதிரி இல்ல" என்றார் ஜெயமேரி.

சிவசுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஊர் வாரியா போட்டா ஒரு பக்கம் பதினாறு, ஒரு பக்கம் இருபத்தி நாலுன்னு வந்து நிக்கும் மேடம். அப்புறம் ஒருத்தன் சொந்தக்காரன்னு வருவான், ஒருத்தன் பக்கத்து வீடுன்னு வருவான். அவனை மாத்துனீங்க, என்னை ஏன் மாத்தலன்னு சண்டை வரும். ரோல் நம்பர் ஒத்தப்படை திங்கள், புதன், வெள்ளி. ரெட்டப்படை செவ்வாய், வியாழன், சனி. யாரும் வாயைத் திறக்க முடியாது பாருங்க."

உண்மையிலேயே யாரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சுத்தமான ஏற்பாடு. "சரி சார், உங்க கிளாஸ், உங்க இஷ்டம்" என்று ஜெயமேரி விட்டுக்கொடுத்தார். தமிழாசிரியர் அருள் பிரகாஷ் வெளியே வரும்போது, "கணக்கு வாத்தியார்னா சும்மாவா" என்று தோளில் தட்ட, சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வகுப்பில் குடிகாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டே பேர். சிவசக்தி ஒருத்தி, நித்யா மேரி ஒருத்தி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள். படிப்பில் இரண்டு பேரும் ரொம்பச் சுமார். பேச்சில் இரண்டு பேரும் முதல் ரேங்க். போன் வகுப்பிலேயே மைக்கை அணைக்க மறந்துவிட்டு மீன்குழம்பைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டவர்கள். சிவசக்தியின் நம்பர் இரட்டைப்படையில் விழுந்தது. நித்யா மேரியின் நம்பர் ஒற்றைப்படை. அதைக் கவனித்தபோது, அப்பாடா, இந்த வருஷமாவது பின்பெஞ்சில் சத்தம் இருக்காது என்றுதான் சார் நினைத்தார். வேறு எதையும் நினைக்கவில்லை.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம், கேட்டருகே நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூடு பார்த்துப் பிள்ளைகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த வேலை சாருடையது. நித்யா மேரி வரிசையில் கடைசியாக நின்று, மற்றவர்கள் போனபிறகு கிட்டே வந்தாள்.

"சார், என்னையும் சிவசக்தி பேட்ச்ல போட்டுடுங்க சார்."

"எதுக்கு? பேசறதுக்கா?"

"இல்ல சார். அம்மா தனியா அனுப்ப மாட்டேங்குது. ரோட்டுக்கு வர்ற வழில ஒயின்ஷாப் இருக்குது சார். ரெண்டு பேரா வந்தா ஒண்ணும் சொல்லாது."

"இன்னிக்கி வந்திருக்கியே, எப்பிடி வந்த?"

"அம்மா வேலைக்கி லீவு போட்டுட்டு பஸ் ஏத்தி உட்டுச்சு சார். தினம் லீவு போட முடியாது."

"ஒருத்தருக்கு மாத்துனா நாப்பது பேரும் வரிசையில நிப்பாங்கம்மா. எல்லாருக்கும் ஒரே ரூல்தான். ஒரு வாரம் போனா பழகிடும், போ."

மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. எப்போதும் சிரிக்கிற பெண்தானே.

ஒரு வாரம் போனது; பழகவில்லை. ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வரவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, சார் வகுப்புக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். ஒன்று கூடியிருந்தது. கடைசி பெஞ்சில், சிவசக்திக்கு அந்தப் பக்கம், தலையைக் குனிந்துகொண்டு நித்யா மேரி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. உன் நாள் எது?"

"நேத்து சார்."

"நேத்து ஏன் வரல?"

 சிவசக்திதான் எழுந்து நின்றாள். "சார், இன்னிக்கி மட்டும் இருக்கட்டும் சார். ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி உக்காந்துக்கறோம் சார்."

"உன்னைக் கேட்டனா? ஆபீஸ்லேந்து எந்த நிமிஷமும் செக் பண்ண வருவாங்க. இருபத்தொண்ணு பேர் இருந்தா மெமோ யாருக்கு, உனக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பெரிதாகக் கோபம்கூட இல்லை சாருக்கு. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். நித்யா மேரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டும்போது, "பத்திரமாப் போ" என்றும் சொன்னார். அதில் அவர் குறை வைக்கவில்லை. அன்றைக்கு எந்த அதிகாரியும் செக் பண்ண வரவுமில்லை.

அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. சார் ஒரு தடவை சிவசக்தியைக் கேட்டார். "ஊருக்குப் போயிருக்கா சார்" என்றாள். எந்த ஊர், எதற்கு என்று கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பித்தாகரஸ் தேற்றம் பாக்கி இருந்தது. அப்புறம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கடலூர் மாவட்டத்துக்கு விடுமுறை விட்டு விட்டு, நவம்பர் முழுக்கப் பள்ளிக்கூடம் நடந்த நாளும் நடக்காத நாளும் சரிக்குச் சரியாகப் போனது. ஜனவரியில் நோய் மறுபடி தலைதூக்கி மறுபடி பூட்டினார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு பெண் வராததை யார் பெரிதாக நினைப்பார்கள் என்று கேட்கலாம். வகுப்பாசிரியர் நினைக்க வேண்டும். அவர் பஸ் தினமும் குடிகாடு ஸ்டாப்பில் நின்றுதான் வந்தது. இறங்கி விசாரிக்க ஓர் அரைமணி போதும். அவர் இறங்கவில்லை.

பிப்ரவரி முதல் தேதி பள்ளிக்கூடம் முழுசாகத் திறந்தது. இருபது பேர் கட்டுப்பாடும் இல்லை, ஒற்றைப்படை இரட்டைப்படையும் இல்லை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு போட்ட கூச்சலைச் சார் அன்றைக்கு அடக்கவில்லை. பெயர் கூப்பிட்டார். "நித்யா மேரி" என்று கூப்பிட்டதும் வகுப்பு அடங்கியது. பின்பெஞ்சில் சிவசக்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

மணி அடித்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அவ அண்ணாகிராமத்துல இருக்கா சார். அவுங்க பெரியம்மா வீட்ல. முந்திரிக்கொட்டை வேலைக்கிப் போறா."

"எப்பலேந்து?"

"நீங்க அன்னிக்கி அனுப்புனீங்கள்ல சார், அந்த வாரமே கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் சார் முதல் தடவையாகக் குடிகாட்டில் இறங்கினார். ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். ஒரு பக்கம் கம்பெனி மதில், ஒரு பக்கம் கருவேல முள்ளு. வழியில் ஒயின்ஷாப். அந்நேரத்துக்கே அதன் வாசலில் கூட்டம் சேர்ந்து, பாதிப் பேர் ரோட்டிலேயே நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தொடப்போகிற ஆம்பளை, அவரே நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். நித்யா மேரி கேட் பக்கத்தில் நின்று சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்.

நித்யா மேரியின் அம்மா ஆரோக்கியம்மாள் அப்போதுதான் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். பக்கத்தில் அவள் புருஷன் செபாஸ்டின் படம், மாலை போட்டு. போன மே மாதம் போனவன். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு ஜுரத்தில் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போனான்; முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். இதுவும் சாருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆரோக்கியம்மாள் டீயைக் கொடுத்துவிட்டு, எதிரே நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களை நேர்ல பாத்து சொல்லணும்னு இருந்தேன் சார். நீங்க மட்டும் அன்னிக்கிக் கண்டுபுடிச்சு அனுப்பலன்னா எம் பொண்ணு என்னா ஆயிருக்குமோ."

"என்னத்தைக் கண்டுபிடிச்சேன்?"

"ஜுரம் சார். சூடு பாத்தாங்க, ஜாஸ்தியா இருந்துச்சு, சார் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருன்னு பாதி நாள்லயே வந்து நின்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவுங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் சார் ஆரம்பிச்சுது. மாதா புண்ணியத்துல உடம்பு மறுநாளே சரியாப் போச்சு. ஆனாலும் இத்தினி கூட்டம் வர்ற எடத்துக்கு இனி அனுப்ப மனசு வரல. அண்ணாகிராமத்துல எங்க அக்கா ராசம்மா இருக்கு, தோப்பும் காத்துமா இருக்கும்னு கொண்டு போய் உட்டுட்டேன்."

சாருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் 'இன்னிக்கித்தான் என் நாள்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திருப்பி அனுப்பியதும் அம்மாவிடம் என்ன சொல்வது? ஒரு பதினைந்து வயசுப் பெண் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து யோசித்து, அந்த வருஷத்தில் எல்லோரும் நம்பக்கூடிய ஒரே பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது அப்பாவைக் கொண்டுபோன ஜுரம் என்பது வாய் தவறி வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கும்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இப்படியே எழுந்து போனால் கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்கும். சிவசுப்ரமணியன் சார் நல்லவர் என்று இந்த வீட்டில் நாளைக்கும் பேசுவார்கள். ஆனால் அம்மாவுக்கு அந்த ஜுரப் பயம் இருக்கும்வரை அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வர வழியிருக்காது.

"அவளுக்கு ஜுரம் இல்லம்மா" என்றார். "நாள் மாறி வந்துட்டா. அவ நம்பருக்கு அது நாள் இல்ல. சிவசக்தி கூட வரணும்னு வந்துட்டா. நான்தான் திருப்பி அனுப்புனேன்."

ஆரோக்கியம்மாளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஜுரமே இல்லையா?"

"இல்லம்மா."

"தனியாவா சார் அனுப்புனீங்க?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தியிருந்தால் தேவலாம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையோ நியாயம் கேட்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "நாள் மாறுனா என்னா சார்? வந்த புள்ளைய ஓரமா உக்கார வச்சிருக்கலாமே."

நாற்பது பேரைச் சமமாகப் பிரித்த மனுஷன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

கிளம்பும்போது அவளே சொன்னாள். "நான் தடுக்க மாட்டேன் சார். அவ வர்றேன்னா கூட்டிட்டு வாங்க. அவளையே கேளுங்க."

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பண்ருட்டி பஸ் பிடித்து அண்ணாகிராமம் போனார். மே மாதம்தான் பொதுத்தேர்வு. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, பெயரும் வகுப்பில் இருக்கிறது. தினம் ஒரு மணிநேரம் தானே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் எப்படியும் தேற்றிவிடலாம். வழியெல்லாம் இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனார். அவள் வந்துவிட்டால் போதும், தான் செய்தது அழிந்துவிடும் என்றுகூட நினைத்தார். பாவம்.

பலாத்தோப்பைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசம் ரோடு வரைக்கும் வந்தது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பின் மேல்தோலை உரித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் மாஸ்க் போடவில்லை. சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நித்யா மேரியைக் காணோம். ஒருவேளை இன்றைக்கு வரவில்லையோ என்று திரும்பப் போனபோது, "சார்!" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். அப்போதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு கண்களைப் பார்த்தார். எட்டாவதில் பார்த்த குழந்தை முகத்துக்கும் இந்த முகத்துக்கும் நடுவில் இரண்டு வருஷ வளர்ச்சி இருந்தது. அந்தக் காலமெல்லாம் அவள் போனிலும் மாஸ்க்குக்குப் பின்னாலும் இருந்திருக்கிறாள். அவருக்கு அவமானமாக இருந்தது.

கொட்டகைக்கு வெளியே வந்து நின்றார்கள். அவள் விரல் நுனியெல்லாம் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாமே சார். போன்ல ஒரே அழுகை."

"திட்டுனாங்களா?"

"இல்ல சார். ஏன்டி பொய் சொன்ன, சாரு என்னா நெனச்சிருப்பாருன்னு கேட்டுச்சு." சிரித்தாள். "நான்தான் சார் ஸாரி சொல்லணும். நாள் மாறி வந்தது தப்புதான்."

"தப்பு உன்னுது இல்ல" என்றார் சார்.  "நான் உன்னை அனுப்பியிருக்கக் கூடாது. நீ கேட் கிட்ட வந்து கேட்டப்பவே மாத்தியிருக்கணும். இப்ப பேட்ச் எல்லாம் கிடையாதும்மா. எல்லாரும் எல்லா நாளும் வரலாம். நீ குடிகாட்டுக்கு வந்துடு. நான் வர்ற பஸ் உங்க ஊர்லதான் நிக்குது. காலைல உங்க வீட்டு வாசலுக்கே வர்றேன், சாயங்காலம் கொண்டாந்து விடறேன். பரீட்சைக்கு நான் பொறுப்பு."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாமே அவருக்குத் தெரிந்தது. வருகிறேன் என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்ததைப் பார்த்தார். அது அப்படியே திரும்பிப் போனதையும் பார்த்தார்.

"இல்ல சார், வேணாம். எல்லாம் மறந்துபோச்சு. அம்மாவும் பாவம், ஒத்த ஆளா எத்தினி நாளைக்கி ஓடும்."

"மறந்தா நான் சொல்லித் தரமாட்டனா?"

"சொல்லித் தருவீங்க சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள். "இங்க ஒரு பயமும் இல்ல சார். காலைல வேன் வரும். எங்க தெருவுல மட்டும் பதினோரு பேரு. ஒண்ணாத்தான் வர்றோம், ஒண்ணாத்தான் போறோம். யாருக்காச்சும் லேட்டானா வேனு நிக்கும் சார். உட்டுட்டுப் போவாது."

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த பெண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்திடம் அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். முதல் மார்க் கேட்கவில்லை, பீஸில் சலுகை கேட்கவில்லை. ஒரு கூட்டாளியோடு வந்து போக வேண்டும் என்று கேட்டாள். ஒரு தகரக் கொட்டகைக்குக் கொடுக்க முடிந்ததை அவர் கொடுக்கவில்லை. சிவசுப்ரமணியன் சாருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்காமலே நின்றார்.

"சிவசக்தி எப்பிடி இருக்கா சார்? பேசுறாளா கிளாஸ்ல?"

"பேசறது இல்ல" என்றார்.

"பேசச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு நித்யா மேரி உள்ளே போனாள்.

அவர் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தபோது வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். வேன் வந்தது. அவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர், "யாராச்சும் பாக்கி இருக்கீங்களா?" என்று கத்தினான். இன்னும் ஓர் அக்கா வர வேண்டும் என்று வேனுக்குள்ளிருந்து பல குரல்கள் ஒன்றாகச் சொல்லின. வேன் அந்த ஒருத்திக்காக நின்றது. அவள் ஓடிவந்து ஏறிய பிறகுதான் புறப்பட்டது.